பாக்கியமேரியின் வேனும் சின்னராசுவின் ஆயிலும்

பாக்கியமேரிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. சர்ச்சில் பிரசங்கம் கொஞ்சம் நீண்டால் எழுந்துபோய்க் கதவோரம் நின்றுகொள்வாள். கல்யாண வீட்டில் இலை போட்டு உட்கார வைத்தால், எதிர்வரிசையில் யாருக்கோ தண்ணீர் வரவில்லையென்று செம்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவள் புருஷன் ஜான்சன் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. நாற்காலியில் அசையாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். "எங்க ரெண்டு பேரையும் அரைச்சிக் கலக்கினா சரியா ஒரு மனுஷன் கெடைப்பான்" என்று அவனே சொல்வான்.

அவள் நிம்மதியாக உட்காருகிற இடம் ஒன்றுதான் இருந்தது. வேனின் டிரைவர் சீட்டு.

உத்திரமேரூருக்குத் தெற்கே, ஏரிப் பாசனத்தை ஒட்டிய காலனியில் பிறந்து அதே காலனியில் வாழ்க்கைப்பட்டவள் அவள். படிப்பு நின்ற வருஷமே நடவுக்கு இறங்கினாள். வெளியூர் நடவு என்றால் அப்போதெல்லாம் லோடு ஆட்டோவில் பெண்களை நிற்கவைத்து ஏற்றிப் போவார்கள். அப்படிப் போன வண்டி ஒரு நாள் வாய்க்காலுக்குள் சாய்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. கூட நடவுக்கு வந்த செங்கேணி அத்தைக்கு மணிக்கட்டு முறிந்தது. அவளைச் சேற்றிலிருந்து தூக்கிவிட்டுத் திரும்பிய பாக்கியமேரி, வண்டி ஓட்டியவன் தண்ணீரில் விழுந்த பீடிக்கட்டைத் தேடிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். இனி இவன்களை நம்பி வேலைக்குப் போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தாள். காஞ்சிபுரத்துக்குப் போய் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். கல்யாண வீடுகளில் போட்டோ எடுக்கிற ஒருவர் வருஷக்கணக்கில் ஓட்டித் தேய்த்த சின்ன பெட்ரோல் வேன் ஒன்றை வாங்கினாள். பின் சீட்டைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் பலகை போட்டாள். நெருக்கி உட்கார்ந்தால் பத்துப் பெண்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு நடவு, களை, அறுப்பு என்று மாகறல் வரைக்கும், சில நாள் பாலாற்றைத் தாண்டியும் போனாள். வயலில் அவளும் ஒரு ஆளாக இறங்கி நடுவாள்.

அந்தத் தை மாதம் நவரைப் பட்டத்து நெல் நடவு மும்முரமாக இருந்தது. ஏரி நிறைந்திருந்ததால் ஒரு துண்டு நிலம்கூடத் தரிசாக இல்லை. சின்னராசுவின் வயலுக்குப் போகிற வண்டிப்பாதையில், டிராக்டர் பதித்த பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியபோது அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச தூரம் போனதும் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. எண்ணெய்க் குடுவை மாதிரி படம் போட்ட விளக்கு. அந்த விளக்கு எரிந்தால் அடுத்த மூச்சு விடுவதற்குள் வண்டியை அணைக்க வேண்டும் என்று டிரைவிங் சொல்லிக்கொடுத்தவர் அவளைப் பயமுறுத்தி வைத்திருந்தார். அணைத்தாள். இறங்கிக் குனிந்து பார்த்தால், வந்த வழியெல்லாம் கறுப்பாக ஒரு கோடு.

சின்னராசு மோட்டார் கொட்டகையிலிருந்து வந்தார். ஏரிக்குக் கீழே நல்ல நிலமாக வைத்திருக்கிற குடும்பம். பாக்கியமேரியின் அம்மா அவருடைய அப்பாவை 'ஆண்டே' என்று கூப்பிட்டவள். பாக்கியமேரி இவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவாள்.

"இன்னா மேரி, வண்டி ரத்தம் கக்கிக்கினு கீது?"

"கல்லு அடிச்சிடுச்சிண்ணே. அடி நட்டு லூசாயி ஆயில் பூரா பூட்ச்சி."

டிராக்டர் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். அவளே வண்டிக்கு அடியில் நுழைந்து நட்டை முறுக்கினாள். வெளியே வந்தபோது அவர் கையில் ஒரு பெரிய கேன் இருந்தது.

"டிராக்டருக்கு ஊத்தற ஆயிலு. டீசல் வண்டிக்கானது. எங்கிட்ட இதான் கீது."

"பெட்ரோல் வண்டிக்கு ஆவுமாண்ணே?"

"ஆவுமா ஆவாதான்னு எனக்கின்னா தெரியும்? ஊத்தினா ஓடும். ஊத்தாட்டி இங்கியே நிக்கும்."

ஊற்றினாள். தேன் மாதிரி கெட்டியாக இறங்கியது. சாவியைத் திருப்பியதும் விளக்கு ஒரு கணம் யோசித்துவிட்டு அணைந்தது. அன்றைக்கு நடவு முடித்து, எல்லாரையும் வீட்டில் கொண்டுபோய் விட்டாள்.

விஷயம் அதோடு முடிந்திருக்கலாம். மறுநாள் காலையில் பெட்ரோல் போடப் போன இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "டீசல் ஆயில் ஊத்திக் கீறேன், ஒண்ணும் ஆவாதில்ல?" என்று கேட்டுவிட்டாள். பெட்ரோல் போட்டவர் பம்ப்பைப் பிடித்தபடியே அவளை மேலும் கீழும் பார்த்தார். "போச்சு. என்ஜின் ஜாம் ஆயிடும்மா." பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரர்களிடம் போய்க் கேட்டாள். ஒருவர், "எம் பைக்குக்கு லாரி ஆயில்தான் ஊத்தறேன், சிங்கம் மாதிரி ஓடுது" என்றார். இன்னொருவர் அவரை மறித்து, அதே வேலையைச் செய்த தன் மச்சான் வண்டியில் புகை கக்கி, கடைசியில் எடைக்குப் போட்ட கதையைச் சொன்னார். இரண்டு பேரும் அவளை மறந்துவிட்டுத் தங்களுக்குள் சண்டை போட ஆரம்பித்தார்கள்.

அவள் மெக்கானிக் சடையப்பனுக்குப் போன் போட்டாள். உத்திரமேரூரில் கடை வைத்திருப்பவன். அந்த வாரம் தங்கச்சி கல்யாணத்துக்காகச் செய்யாற்றில் இருந்தான். பின்னால் மேளச்சத்தம் கேட்டது.

"ஓட்டுக்கா. நடவு முடியட்டும், மாத்திடலாம். ஒண்ணும் ஆவாது."

"நிச்சயமா ஆவாதா?"

"ஆவாதுன்னுதான் நெனைக்கிறேன்."

அந்த 'நெனைக்கிறேன்' அவளைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. அவளே வேறு கடையில் விட்டு மாற்றியிருக்கலாம். ஆனால் நடவு காலத்தில் வேன் ஒரு நாள் நின்றால் பத்து வீட்டில் கூலி நிற்கும். அதனால் ஓட்டினாள், காதைத் தீட்டிக்கொண்டு.

என்ஜின் முன்னைவிட மெதுவாகச் சத்தம் போட்டது. காலையில் கிளப்பினால் வழக்கமாகக் கேட்கிற 'டக டக'வைக் காணோம். யாராக இருந்தாலும் சந்தோஷப்படுவார்கள். அவளுக்கோ அதுதான் பெரிய கவலையாகிவிட்டது. தினமும் இருமுகிற கிழவன் திடீரென்று இருமாமல் கிடந்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படி இருக்கும்? வண்டியில் பெண்கள் பேசினால் அவளுக்கு என்ஜின் கேட்கவில்லை. "கொஞ்சம் வாயை மூடிக்கினு வரீங்களா?" என்று கத்தினாள். யாரோ செல்போனில் பாட்டுப் போட்டால் நிறுத்தச் சொன்னாள். எப்போதும் சிரிப்பும் சண்டையுமாகப் போகிற வேன், சாவுக்குப் போகிற வண்டி மாதிரி ஆகிவிட்டது.

"ஏண்டி பாக்கியம், நாங்க இன்னா நடவுக்குப் போறமா ஜெயிலுக்குப் போறமா?" என்றாள் செங்கேணி.

"என்ஜின் சத்தம் கேக்கணும் அத்தே."

"அது ஓடிக்கினு கீதுன்னு எங்களுக்கே தெரியுது. உனுக்கு மட்டும் இன்னா சொல்லுதாம் அது?"

ஜான்சனிடம் சொன்னாள். அவன் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே, "நிக்கறப்போ பாத்துக்கலாம். இப்பவே இன்னாத்துக்கு பேஜாரு?" என்றான்.

இதற்கு நடுவில் சின்னராசு வேறு. ஒரு சாயங்காலம் காலனி முனையில் பைக்கை நிறுத்தி, இறங்காமலே அவளைக் கூப்பிட்டார். மேல்கரைத் துண்டு நிலத்தில் நட நாளைக்கே ஆள் வேண்டும் என்றார்.

"நாளைக்கு ஐயங்கார்குளத்துக்கு ஒத்துக்கினு கீறேண்ணே. சேறடிச்சி வெச்சிக்கினு கீறாங்க. அடுத்த வாரம் வரோம்."

அவர் சிரித்தார். "எங்க ஆயிலு உன் வண்டியில ஓடிக்கினு கீது. அத மறந்துட்டு ஐயங்கார்குளம் போறியா?"

விளையாட்டாகத்தான் சொன்னார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். பாக்கியமேரி சிரிக்கவில்லை. அன்றைக்கு அவர் உதவியது நிஜம். அந்த உதவியில் ஒரு கயிறும் கட்டியிருந்தது என்பது இப்போதுதான் தெரிந்தது. அவர் போனதும் நேரே கடைக்குப் போய் அதே டிராக்டர் ஆயில் ஒரு கேன் வாங்கினாள். மோட்டார் கொட்டகையில் ஆள் இல்லை. வாசலில் வைத்துவிட்டு வந்தாள். பொழுது விடிவதற்குள் அந்தக் கேன் அவருடைய டிராக்டர் டிரைவர் கையில் காலனிக்குத் திரும்பி வந்துவிட்டது. "வெச்சிக்கச் சொன்னாரு. அடுத்த தபா நின்னா ஒதவுமாம்" என்று இறக்கிவைத்துவிட்டுப் போனான் அவன்.

அந்த எரிச்சலோடுதான் அவள் அன்று காலையில் வண்டியை எடுத்தாள்.

மாகறலைத் தாண்டிக் காஞ்சிபுரம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தபோது அந்தச் சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. ஒரே ஒரு தடவை. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் அணைந்துவிட்டது. இன்னொரு திருப்பம். இந்தத் தடவை விளக்கு எரிந்து கொஞ்சம் நின்றது. சத்தம் எதுவும் இல்லை, புகை இல்லை, நாற்றம் இல்லை. அவள் ஓரம் கட்டிச் சாவியைத் திருகி அணைத்தாள்.

"இன்னாச்சி?" பின்னாலிருந்து பல குரல்கள்.

"வண்டி போவாது."

"நல்லாத்தானே ஓடிச்சி!" என்றாள் சுகிர்தா. கல்யாணமாகி வந்து முதல் நடவு அவளுக்கு. "இன்னும் கொஞ்ச தூரம்தான்க்கா. அங்க போயி பாத்துக்கலாமே."

பாக்கியமேரி இறங்கி ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினாள். ஆயில் சரியான அளவில் இருந்தது. ஒழுகவும் இல்லை. அப்படியென்றால் எதற்கு எரிகிறது? காரணம் தெரிந்திருந்தால் அவள் தைரியமாக ஓட்டியிருப்பாள். தெரியாததுதான் அவளை உலுக்கியது. வாய்க்காலில் சாய்ந்த லோடு ஆட்டோவும் கடைசி நிமிஷம் வரை நன்றாகத்தான் ஓடியது.

"எறங்குங்க. பின்னாடி பஸ் வரும். அதுல போயிடுங்க."

திட்டிக்கொண்டே இறங்கினார்கள். செங்கேணிதான் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி எல்லாரையும் ஏற்றிவிட்டு, படியில் நின்றபடி, "வயக்காரங்கிட்ட நான் பேசிக்கறேன். நீ அளுதுகினு நிக்காத" என்றாள். பாக்கியமேரி அழவில்லை. வேனைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

முந்தின நாள்தான் ஊர் திரும்பியிருந்த சடையப்பன் ஒரு டெம்போவில் வந்து, வேனைக் கயிறு கட்டி இழுத்துப் போனான். கடையில் வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஆயிலை வடித்துவிட்டு, என்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கியிருக்கிற தொட்டியைக் கழற்றினான். அவள் பக்கத்திலேயே குத்துக்காலிட்டிருந்தாள். நாஷ்டாவுக்குக்கூடப் போகவில்லை.

தொட்டி இறங்கியதும் சடையப்பன் ஒரு விசில் அடித்தான். உள்ளே கேழ்வரகுக் களி கிண்டி ஆறவிட்டது போலக் கன்னங்கரேலென்று ஒரு படிவு. ஆயிலை உறிஞ்சி மேலே அனுப்புகிற குழாயின் வாயில் ஒரு சல்லடை இருந்தது. அதில் முக்கால்வாசியை அந்தக் களி அடைத்திருந்தது.

"டீசல் ஆயில் ஊத்தினதால வந்ததா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. இது வருஷக்கணக்கு அழுக்கு. உனுக்கு வித்தவரு ஆயிலே மாத்தினதில்ல, கொறைய கொறைய மேல ஊத்திக்கினே ஓட்டிக் கீறாரு. நீயும் அப்பிடியேதானே?"

அவள் ஆமாமென்று தலையாட்டினாள்.

"டீசல் என்ஜின்ல கரி ஜாஸ்தி சேரும். அதுக்கோசரம் அந்த ஆயில்ல அழுக்கு எடுக்கற மருந்தும் ஜாஸ்தியா போடுவாங்க. அது உள்ள போயி சும்மா இல்லாம, பழசையெல்லாம் கரைச்சிக் கீது. கரைஞ்சது வந்து சல்லடையில ஒக்காந்துகிச்சி."

"அப்போ அது நல்லதா கெட்டதா?"

சடையப்பன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே யோசித்தான். "எப்பிடிச் சொல்றது? சுத்தம் பண்ணவும் பாத்திச்சி, உயிரை எடுக்கவும் பாத்திச்சி. செல ஆயில் ரெண்டு வண்டிக்கும் ஆவும், கேன்லயே போட்டிருப்பான். புது பெட்ரோல் வண்டின்னா வேணாம்பேன், சைலன்சர்ல புகையை வடிகட்டற ஜாலி வெச்சிக் கீறான், அது கெட்டுப்பூடும். உன் வண்டி பழசு. ஒரு தபா ஊத்தினதால குடி முழுகாது. ஆனா வெளக்கு எரிஞ்சப்பறம் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தா என்ஜினை எடைக்குத்தான் போட்டிருக்கணும்."

அவள் மூச்சு விட்டாள். உடனே மண்ணெண்ணெய்த் தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு பழைய பிரஷால் தொட்டியைத் தேய்க்க ஆரம்பித்தாள். சடையப்பன் வேண்டாமென்று சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

மத்தியானத்துக்கு மேல் கடை வாசலில் ஒரு பைக் நின்றது. சின்னராசு. வண்டியை இழுத்துப் போனதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, கழற்றிப் போட்டிருந்த சாமான்களைப் பார்த்தார். முகத்தில் நேற்றைய சிரிப்பு இல்லை.

"எங்க ஆயில்தான் கெடுத்துட்ச்சா மேரி?"

பாக்கியமேரி நிமிர்ந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சடையப்பன் மறுத்துப் பேச மாட்டான். அந்தக் கயிறு அங்கேயே அறுந்துவிடும். அதுமட்டுமில்லை, இனி அவர்தான் அவளைப் பார்த்துத் தலைகுனிய வேண்டியிருக்கும். அந்த நினைப்பு ஒரு நொடி இனிக்கத்தான் செய்தது. கையிலிருந்த பிரஷ் சொட்டிக்கொண்டிருந்தது.

"இல்லண்ணே. பழைய அழுக்கு. உங்க ஆயிலு அத வெளிய கொண்டாந்துட்ச்சி, அவ்ளோதான்."

அவர் முகம் தெளிந்தது. "அப்பா! காலையிலேர்ந்து மனசே சரியில்ல" என்று பைக்கில் சாய்ந்தார்.

"ஆனா ஒண்ணு சொல்லிடறேண்ணே." அவள் எழுந்து நின்றாள். "அன்னிக்கி நீங்க ஒதவினத நான் மறக்கல. அதுக்காக ஆயிலைக் காட்டி நடவுக்குக் கூப்பிடாதீங்க. வண்டி என்னுது. வேலைக்கு வரது பத்துப் பேரு. யாருக்கு எந்த நாள் சொன்னமோ, அந்த நாள்தான் போவோம்."

சின்னராசு ரோட்டைப் பார்த்தார். பிறகு பைக் சாவியை விரலில் சுற்றினார்.

"தமாசுக்குச் சொன்னது அது."

"தெரியுண்ணே."

"சரி, அடுத்த வாரமாச்சும் வருவீங்களா?"

"பொண்ணுங்களக் கேட்டுச் சொல்றேன்."

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினார். கோபமா இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் பெண்கள் ஒத்துக்கொண்டார்கள். போனார்கள். அவர் வரப்பில் நின்று, நாற்றுகளுக்கு இடையே விட்ட இடைவெளியைப் பற்றி வழக்கம்போலக் குறை சொன்னார். செங்கேணி வழக்கம்போலத் திருப்பிக் கொடுத்தாள். ஆயில் பேச்சை மட்டும் அவர் எடுக்கவில்லை. சுகிர்தா வேனில் பாட்டுப் போட்டாள். சடையப்பன் பெட்ரோல் வண்டிக்கான ஆயிலை ஊற்றி, கொஞ்ச நாளில் அதையும் வடித்துவிட்டு மறுபடி ஊற்றினான். இரண்டாம் தடவை வடித்தது ஓரளவு தெளிவாக இருந்தது. "இப்போ நிம்மதியா?" என்று கேட்டான். "இன்னொரு தபா பாத்துடலாமா?" என்றாள்.

நடவு முடிந்து, பயிர் பச்சை பிடித்துக் களையெடுப்புக்கு நாள் நெருங்கியது. ஒரு மத்தியானம் அவள் போன் அடித்தது. சின்னராசு.

"மேரி, களையெடுக்கற மெசின் ஒண்ணு வாங்கிக் கீறேன். பெட்ரோல் மெசினு. ஆயில் ஊத்தாம அனுப்பி வெச்சிக் கீறான். டிராக்டர் ஆயிலையே இதுக்கும் ஊத்தலாமா? ஒனக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

"வேணாண்ணே. மெசினோட ஒரு புக்கு குடுத்திருப்பான் பாருங்க. அதுல எந்த ஆயில் போட்டுக் கீதோ அத வாங்கி ஊத்துங்க. கம்மியா ஊத்திட்டு ஓட்டாதீங்க."

"சரி சரி. நல்லதாப் போச்சி." போனை வைத்துவிட்டார்.

பாக்கியமேரி அவர் கேட்டதற்குச் சரியான பதிலைச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த மெசின் அவர் வயலில் இறங்கினால் பத்துப் பேருக்குக் களையெடுக்கிற வேலை இல்லை. ஒருவர் வாங்கினால் பக்கத்து வயல்காரரும் வாங்குவார். செங்கேணியிடம் இதை எப்படிச் சொல்வது?

ஜான்சன் நைட் ஷிப்ட் முடித்து வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பவில்லை. வாலாஜாபாத்துக்கு மேற்கே, பாலாற்றுக் கரையில் நடவு பிந்தியிருக்கிற ஊர்கள் இருப்பதாக நடவின்போது யாரோ சொன்னது அவள் ஞாபகத்துக்கு வந்தது. அங்கே களைக்கு ஆள் தேவைப்படலாம். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அதை இறக்கி வைத்தாள். வேன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, சுகிர்தா வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தாள்.

"சுகிர்தா, செங்கேணி அத்தையையும் கூப்டு. வாலாஜாபாத் வரைக்கும் போயி கேட்டுட்டு வந்துடலாம், வாங்க."

அவர்கள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் அவள் வண்டியைக் கிளப்பித் திருப்பி நிறுத்தியிருந்தாள்.